தானமா வந்த குதிரையைப் பல்லைப் புடிச்சுப் பாருங்க

போன வாரம் ஒரே வீடியோவை எனக்கு ஆறு பேர் அனுப்பியிருக்காங்க. எலும்பும் தோலுமா கிடந்த ஒரு குதிரையை ஒருத்தர் எடுத்துட்டு வந்து வளர்க்கிறார். கடைசியில அது அவர் தோள்மேல தலையைச் சாய்ச்சு நிக்குது, பின்னாடி வயலின் ஓடுது. எங்க தோட்டத்துல ராணி இருக்கிறதால குதிரை சம்பந்தமா எது வந்தாலும் நேரா நமக்குத்தான் வரும். இந்தத் தடவை ரெண்டு பேர் கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாங்க: "அண்ணா, நாங்களும் ஒண்ணு தத்து எடுக்கலாம்னு இருக்கோம். நீங்க என்ன சொல்றீங்க?"

போன்ல ரெண்டு வரியில சொல்ற சமாச்சாரம் இல்லைங்க இது. அதனால இங்கேயே எழுதிடறேன்.

தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதேன்னு நம்ம பெரியவங்க சொல்லி வெச்சிருக்காங்க. கொடுத்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு சொன்ன வார்த்தை அது. ஆனா காப்பாத்திக் கொண்டு வர்ற குதிரைக்கு அது ஒத்து வராது. பல்லைப் பாருங்க, குளம்பைப் பாருங்க, உங்க வைக்கப்போரைப் பாருங்க, உங்க வயசையும் பாருங்க. எல்லாம் பாத்ததுக்கு அப்புறமும் வேணும்னு தோணினா மட்டும் எடுங்க. பரிதாபப்பட்டு மட்டும் எடுக்காதீங்க. நான் பரிதாபப்பட்டு எடுத்தவன், அதனாலதான் சொல்றேன்.

ராணி 2021 ஆடி மாசம் வந்தா. அதுக்கு முன்னாடி கல்யாண சாரட்டு இழுத்துட்டு இருந்தவ. கொரோனா ஊரடங்குல மாப்பிள்ளை ஊர்வலம் எல்லாம் நின்னு போச்சு, சாரட்டுக்காரருக்கு வருமானமும் நின்னு போச்சு. அவரைத் திட்டணும்னு எனக்குத் தோணலை. ரெண்டு வருசம் தன் வீட்டு அடுப்பையே எரிக்க முடியாத மனுசன் குதிரைக்கு எங்கே போய் கொள்ளு வாங்குவார்? அவரே கொண்டு போய் ஒரு காப்பகத்துல விட்டுட்டார். அங்கேயும் இடமில்லை. தெரிஞ்சவர் ஒருத்தர் மூலமா எனக்குச் சேதி வந்துது, மூணாம் நாள் டெம்போவுல ராணி வந்து இறங்கிட்டா. விலா எலும்பை எண்ணலாம். இடது கண்ணுல வெள்ளை படர்ந்திருந்துது. முன்னங்கால் குளம்பு வளர்ந்து செருப்பு மாதிரி முன்னாடி நீண்டிருந்துது.

எங்கம்மா பாத்துட்டு அழுதுட்டாங்க. அழுதுட்டு என்ன செஞ்சாங்க? ரெண்டு படி கொள்ளை வேக வெச்சு, கையளவு வெல்லமும் போட்டுக் கொடுத்தாங்க. "கொள்ளுன்னா வாயைத் தொறக்குமாம், கடிவாளம்னா வாயை மூடுமாம்"னு சிரிச்சுக்கிட்டே நானும் பக்கத்துல நின்னேன். ஒரு பருக்கை விடாம தின்னா. எங்களுக்கும் பெரிய புண்ணியம் பண்ணின மாதிரி இருந்துது.

மறுநாள் சாயங்காலம் ராணி தன் வயித்தைத் திரும்பித் திரும்பிப் பாத்தா. முன்னங்காலால மண்ணைப் பறிச்சா. அப்புறம் படுத்து உருள ஆரம்பிச்சிட்டா, உடம்பெல்லாம் வேர்வை. மாட்டுக்கு வயிறு ஊதினா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியும். குதிரைக்குத் தெரியாது. டாக்டர் வந்து ஊசி போட்டு, மூக்கு வழியா குழாய் விட்டு எண்ணெய் மாதிரி மருந்து ஏத்தினார். ராத்திரி பூரா விட்டு விட்டு நடக்க வைக்கச் சொன்னார். விடியக்காலை நாலு மணிக்குச் சாணி போட்டா. எங்க வீட்டுல சாணியைப் பாத்து எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டது அன்னிக்குத்தான்.

டாக்டர் அன்னிக்கு என்னை வெச்சுத் திட்டினது எல்லாம் இப்போ பாடம் மாதிரி மனசுல இருக்கு. மாட்டுக்கு நாலு அறை வயிறு, அசை போடும். குதிரைக்கு ஒரே வயிறு, அதுவும் சின்னது. உள்ளே போனது பிடிக்கலைன்னா அதால வாந்தி எடுக்கக்கூட முடியாது. நார்த்தீனி எல்லாம் பின்குடல்ல போய்த்தான் நொதிக்கும். மாசக்கணக்குல பட்டினி கிடந்த குதிரைக்கு ஒரேயடியா தானியத்தைக் கொட்டினா, ரத்தத்துல இருக்கிற உப்புச் சத்தெல்லாம் தாறுமாறா இறங்கி, பட்டினியில சாகாத குதிரை சோத்துல செத்துப் போகும். காஞ்ச புல்லை கொஞ்சம் கொஞ்சமா, நாலு மணிக்கு ஒரு தடவை கொடுத்துத்தான் தேத்தணும். "உங்க பாசம் அதைக் கொன்னுருக்கும்"னு சொல்லிட்டுப் போனார். எங்கம்மா அதுக்கப்புறம் ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை.

பல்லு விசயத்துக்கு வர்றேன். கொடுத்தவங்க வயசு பன்னெண்டுன்னு சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். டாக்டர் மேல் உதட்டைத் தூக்கிப் பாத்துட்டு, முன்பல் வரிசையில கடைசியா இருக்கிற பல்லைக் காட்டினார். அதுல நெட்டுக்கு ஒரு பள்ளமான கோடு. ஏறக்குறைய 10 வயசுல ஈறுகிட்ட அது தெரிய ஆரம்பிக்கும். 15 வயசுல பாதிப் பல்லு வரைக்கும் இறங்கும், 20-ல அடி வரைக்கும் வந்துரும். ராணிக்குக் கோடு பாதியைத் தாண்டியிருந்துது. பதினாறு பதினேழு இருக்கும்னார். அதோட கடைவாய்ப் பல்லெல்லாம் ஓரத்துல கத்தி மாதிரி கூராகிக் கன்னத்தை உள்ளே கிழிச்சிருந்துது. புல்லை மென்னு மென்னு உருண்டையாக் கீழே துப்பிட்டு இருந்தா. நான் அதைப் பாத்துட்டு "சாரட்டுக் குதிரை, நம்ம புல்லு பிடிக்கலை போல"ன்னு நெனைச்சேன். அரம் போட்டுத் தேச்சு விட்டதும் ஒழுங்காத் தின்னா. முதல் நாளே வாயைத் தொறந்து பாத்திருந்தா ஒரு மாசம் வலியோட தின்னிருக்க மாட்டா.

குளம்பு அடுத்த கதை. எங்க ஊர்ல காளைக்கு லாடம் கட்டுறவர் ராணியைச் சுத்தி ஒரு சுத்து வந்துட்டு, "இது ஒத்தைக் குளம்புங்க சாமி, எனக்குப் பழக்கமில்லை"ன்னுட்டார். நேர்மையான மனுசன். பழனியில குதிரை வண்டிக்கு லாடம் அடிச்சுட்டு இருந்த ஒரு பெரியவரைத் தேடிப் புடிச்சோம். அவர் ஒரே நாள்ல வெட்டிச் சரி பண்ணலை. நாலு தடவையாக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் சீவினார். இப்பவும் ஆறு வாரம், ஏழு வாரத்துக்கு ஒரு தடவை சீவணும். அதுக்கு ஆள் வர்ற தூரத்துல இல்லைன்னா குதிரையைப் பத்தி நெனைக்கவே வேண்டாம்.

இப்போ அந்தத் தோள்மேல தலை சாய்க்கிற விசயம்.

நாலு மாசம் ஆச்சு, ராணி சதை போட்டுட்டா. நான் போனா கனைப்பா. தலையைக் கொண்டு வந்து என் முதுகுல தேய்ப்பா. காப்பாத்தினவனுக்கு நன்றி சொல்றான்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் எங்க மாரியம்மன் நோம்பி வந்துது. ராத்திரி பத்து மணிக்கு மேளமும் வாண வேடிக்கையும். பத்து வருசத்துக்கு மேல அந்தச் சத்தத்துக்கு நடுவுல கண்ணுக்கு மறைப்புப் போட்டு நிறுத்தப்பட்டவ அவ. கயித்தை அறுத்துட்டா. நான் ஓடிப் போய் "ராணி, ராணி"ன்னு கையை நீட்டினேன். என்கிட்ட ஓடி வருவான்னு நெனைச்சேன். என்னைப் பாத்துத்தான் இன்னும் மிரண்டா. கொறங்காட்டுக்குள்ள ஓடி, கிளுவை வேலி மூலையில போய் நடுங்கிக்கிட்டு நின்னா. கிட்டப் போனா வேலியிலேயே விழுந்துருவா போல இருந்துது.

அவளுக்கு நான் யாரு? ராத்திரியில, மேளச் சத்தத்துல, கயித்தோட ஓடி வர்ற இன்னொரு மனுசன். அவ்வளவுதான். அவளைக் காப்பாத்தினது எனக்குத்தான் ஞாபகம் இருக்கு, அவளுக்குத் தெரியாது. டெம்போவுல ஏத்தி இறக்கினது அவளுக்கு இன்னொரு பயம், இன்னொரு புது இடம்.

அன்னிக்கு ராத்திரி பத்தடி தள்ளி வரப்புமேல உக்காந்தேன். வேற எதுவும் பண்ணலை, கூப்பிடக்கூட இல்லை. ரெண்டு மணி போல எங்க வெள்ளாட்டுக் கிடா ஒண்ணு தானா வந்து அவகிட்ட நின்னுது. விடியும்போது ராணி தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு மெதுவா வந்து, என்னைத் தாண்டி, கட்டுத்தறிக்குப் போயிட்டா. நானும் பின்னாடியே போனேன்.

அதுக்கப்புறம்தான் நன்றிங்கிற நெனைப்பை விட்டேன். ஒழுங்கா இருக்கறதுன்னு ஆரம்பிச்சேன். காலையில ஆறு மணி, சாயங்காலம் அஞ்சு மணி, அதே ஆளு, அதே குரல், அதே பக்கம் இருந்து. வெள்ளை படர்ந்த கண்ணு பக்கம் போறப்போ முன்னாடியே பேசிக்கிட்டுப் போறது. வீட்டுல சண்டை போட்டுட்டு அந்த முகத்தோட கட்டுத்தறிக்குப் போகாம இருக்கறது. இது சும்மா சொல்றதில்லைங்க. 2016-ல இங்கிலாந்து சசெக்ஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க 28 குதிரைகிட்ட மனுசங்க சிரிக்கிற படத்தையும் கோவமா இருக்கிற படத்தையும் காட்டிப் பாத்தாங்க. கோவப் படத்தை இடது கண்ணால பாத்துது, நெஞ்சுத் துடிப்பும் சீக்கிரமா ஏறுச்சு. 2018-ல அடுத்த ஆராய்ச்சி. காலையில ஒருத்தரோட கோவப் படத்தைப் பாத்த குதிரை, அப்புறம் அதே ஆளு சாதாரண முகத்தோட நேர்ல வந்தப்போகூட உசாராத்தான் பாத்துது. நம்ம முகத்தை அது படிக்குது, ஞாபகமும் வெச்சுக்குது. வீடியோவுல நாம குதிரை முகத்தைப் பாக்கிறோம். குதிரை எந்நேரமும் நம்ம முகத்தைப் பாத்துட்டு இருக்கு.

குதிரை நின்னுக்கிட்டே தூங்கும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தே ஆகணும். படுக்கணும்னா அந்த இடத்துல பயம் இருக்கக் கூடாது. கூட்டமா இருந்தா ஒண்ணு படுக்கும், இன்னொண்ணு நின்னு காவல் காக்கும். ராணி வந்து எட்டு மாசம் வரைக்கும் அவ படுத்து நான் பாத்ததில்லை. ஒரு நாள் மத்தியானம் சொட்டுநீர்க் குழாயில அடைப்பு எடுத்துட்டு இருந்தேன், அவ இருந்த இடத்துல இருந்து இருபதடி இருக்கும். திரும்பிப் பாத்தா கால் எல்லாத்தையும் நீட்டிப் படுத்துத் தூங்கறா. செத்துப் போயிட்டாளோன்னு பயந்து எழுந்திரிக்கப் போனேன். வயிறு ஏறி இறங்கறதைப் பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டேன். குழாயை மறுபடியும் மறுபடியும் ஊதிக்கிட்டு அரை மணி நேரம் அங்கேயே இருந்தேன். தோள்மேல தலை வெச்சதைவிட எனக்கு அதுதான் பெருசு. தோள்ல தேய்க்கிறது அரிப்பாக்கூட இருக்கலாம், சட்டைப்பையில கேரட் இருக்கான்னு தேடறதாக்கூட இருக்கலாம். நீங்க இருக்கிற இடத்துல ஒரு குதிரை நீட்டிப் படுத்துத் தூங்குதுன்னா அதுக்கு வேற அர்த்தம் கிடையாதுங்க.

இதையெல்லாம் எழுதிட்டு ஒரு விசயத்தை மறைச்சா நான் யோக்கியன் இல்லை. எங்கய்யன் அதைத் தினமும் ஞாபகப்படுத்துவார்.

2016-ல வடகிழக்குப் பருவமழை பொய்ச்சுப் போச்சு. 2017 கோடையில தட்டு கிடைக்கலை, கிடைச்சாலும் விலை கட்டுப்படியாகலை. எங்க செவலைப் பசு எட்டு ஈத்து ஈன்னவ. பால் வத்திருச்சு, சினையும் நிக்கலை. சந்தையில கொண்டு போய் வித்தேன். யார் வாங்கினாங்க, எங்கே போச்சுன்னு எனக்கு நல்லாத் தெரியும். நாலு வருசம் கழிச்சு, பால் கறக்காத, ஏர் இழுக்காத ஒரு கிழட்டுக் குதிரையைக் கொண்டு வந்து தொட்டி நெறையத் தீனி போடறேன். "செவலைக்கு இல்லாத தட்டு இதுக்கு மட்டும் எங்கேடா இருந்து வந்துது?"ன்னு எங்கய்யன் கேட்டார். இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட அதுக்குப் பதில் இல்லை. செவலைக்கும் ராணிக்கும் வித்தியாசம் கிடையாது. அன்னிக்கு என் நெலமை வேற, இன்னிக்கு வேற. அவ்வளவுதான்.

அதனால கிழட்டு மாட்டை விக்கிற சம்சாரியைப் பாத்து "ஈவு இரக்கம் இல்லாதவன்"னு சொல்ற கூட்டத்துல நான் சேர மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்வேன். ஒரு தடவை எடுத்துட்டு வந்தாச்சுன்னா, மழை இருக்கிற வருசத்துல கொடுக்கிற தீனியை வெச்சு உங்க பாசத்தை அளக்காதீங்க. வறட்சி வருசத்துல என்ன பண்ணுவீங்கன்னு இப்பவே கணக்குப் போடுங்க. ராணி ஏறக்குறைய முந்நூறு கிலோ. ஒரு நாளைக்கு ஆறு கிலோ காஞ்ச தீனி, முப்பது லிட்டருக்குக் குறையாம தண்ணி. எனக்கு மாசம் ஆறாயிரம், ஏழாயிரம் ஆகுது, அதுவும் புல்லு சொந்தக் காட்டுது. குதிரை 25 வயசு, 30 வயசு வரைக்கும் இருக்கும். நான் ரெண்டு வருசத் தீனியைப் போரா மேய்ஞ்சு வெச்சிருக்கேன். அதுக்குத் தனி இடம், தனி வேலி. செவலை விட்டுட்டுப் போன பாடம் அது.

எடுக்கிறதுன்னு முடிவு பண்ணினவங்களுக்கு இன்னும் சில விசயம். வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடியே ரத்தம் எடுத்து கிளாண்டர்ஸ் சோதனை பண்ணச் சொல்லுங்க. குதிரைகிட்ட இருந்து மனுசனுக்கும் ஒட்டுற வியாதி அது. டெட்டனஸ் தடுப்பூசி கட்டாயம். ஆணி குத்தின சின்னக் காயத்துலகூட குதிரைக்கு அது வந்துரும். கோழித்தீவன மூட்டை இருக்கிற பக்கமே குதிரையை விடாதீங்க. கோழிக்குக் கழிச்சல் வராம இருக்க அதுல கலக்கிற மோனென்சின் மாதிரி மருந்து குதிரைக்கு விசம். நம்ம பக்கம் பண்ணையும் தோட்டமும் ஒட்டி ஒட்டி இருக்கறதால இதை அழுத்திச் சொல்றேன். மாட்டுக்கு அமிர்தமா இருக்கிற கொழுக்கட்டைப் புல்லைக்கூட வருசம் பூரா அது ஒண்ணையே போட்டா குதிரை எலும்புல சுண்ணாம்புச் சத்து குறையும். கடலைக்கொடியும் தாது உப்பும் சேத்துத்தான் கொடுக்கணும். முக்கியமா, ஒத்தைக் குதிரையா வெக்காதீங்க. அது கூட்டத்துல வாழற சீவன். இன்னொரு குதிரை வெச்சுக்கத் தோதில்லைன்னா ஆடாவது, மாடாவது எந்நேரமும் கண்ணுல படற மாதிரி கூட இருக்கணும். எங்க கிடாவை இந்த வருசம் நோம்பிக்குக் கேட்டாங்க. ராணியோட கிடா, தர முடியாதுன்னுட்டேன். எங்கய்யன்கூட அதுக்கு ஒண்ணும் சொல்லலை.

போன தை மாசம் என் மச்சான் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு ராணியைக் கேட்டார். "சும்மா நிக்கிற குதிரைதானே மாப்பிள்ளை, ஒரு அரை மணி நேரம்"னார். முடியாதுன்னேன். மூணு மாசம் பேசலை. சொந்தத்தைவிடக் குதிரை பெருசான்னு என் சம்சாரமே, "ஏனுங்க மாமா, அனுப்பித்தான் இருக்கலாமில்ல"ன்னா. நோம்பி ராத்திரியை ஞாபகப்படுத்தினதும் விட்டுட்டா. மேளத்துக்கு நடுவுல அவளை நிறுத்த மாட்டேங்கிறது நான் அவளுக்கு வாயால கொடுக்காத வாக்கு. நாம வாக்குக் கொடுத்தது அதுக்குத் தெரியாது, தவறினா மட்டும் தெரியும்.

2012 கணக்கெடுப்புல நாடு பூரா குதிரையும் மட்டக்குதிரையும் சேத்து ஆறு லட்சத்துக்கு மேல இருந்துது. 2019-ல மூணு லட்சத்து நாப்பதாயிரம்தான். வண்டிக்கும் பாரத்துக்கும் வேலை போயிருச்சு. வேலை போன குதிரைகளுக்கு இடம் வேணும்கிறது நிசம். அதனால யாரும் எடுக்காதீங்கன்னு நான் சொல்லலை. எடுக்க முடியாதவங்க பக்கத்துல இருக்கிற காப்பகத்துக்கு வருசத்துக்கு ஒரு லோடு புல்லு அனுப்புங்க, இல்லை ஒரு தடவை குளம்பு சீவுற கூலியைக் கொடுங்க. வீடியோ அனுப்பறதைவிட அது பெரிய உதவி. காப்பகத்துக்காரங்களும் "கூட்டிட்டுப் போனாச் சரி"ன்னு வண்டியில ஏத்தி விடாம, வீட்டுக்கு வந்து கட்டுத்தறியையும் போரையும் பாத்துட்டு, குதிரையோட குறை எல்லாத்தையும் சொல்லிட்டுக் கொடுக்கணும்.

கேட்ட ரெண்டு தம்பிகளுக்கும் என் பதில் இதுதான். ஒருத்தர் திருப்பூர்ல வேலைக்குப் போறார், தோட்டத்துல வயசான அப்பா மட்டும். அவர் வேண்டாம். இன்னொருத்தருக்குக் கொறங்காடு அஞ்சு ஏக்கர் இருக்கு, எருமை ரெண்டு இருக்கு, வீட்டுல எல்லாரும் இருக்காங்க. அவர் ஒரு ஞாயித்துக்கிழமை வாங்க. ராணி வாயைத் தொறந்து பல்லு எப்படிப் பாக்கறதுன்னு காட்டித் தர்றேன். காலையில ஆறு மணிக்கு முன்னாடி வந்துருங்க, அவ தீனி நேரத்தை மாத்த முடியாது.